99 டாலர் பெட்டியைத் திறந்தவர்கள்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

காசு கொடுத்து வாங்கிய பொருளை நாம் திருகாணி கழற்றித் திறக்கலாமா, கூடாதா? நம்ம காசு, நம்ம பொருள், இதில் என்ன கேள்வி என்பீர்கள். ஆனால் இந்தக் கேள்வி 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு கம்பெனியை ஆட்டி வைத்தது. பெரிய வக்கீலோ, பெரிய முதலாளியோ அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. சூதாட்ட இயந்திரம் வடிவமைக்கும் ஒரு பொறியாளர், கையில் திருப்புளியோடு கேட்டார்.

கம்பெனியின் பெயர் நெட்ப்ளையன்ஸ். டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரில் 1999-இல் தொடங்கியது. அதன் ஒரே பொருள் 'ஐ-ஓப்பனர்' என்ற சிறு பெட்டி. ஆங்கிலத்தில் அதே ஒலிப்பில் 'கண்ணைத் திறந்துவிடுகிற விஷயம்' என்று பொருள்படும் சொல் ஒன்று உண்டு. அதை வைத்துத்தான் இந்தப் பெயர். கடைசியில் யார் கண்ணைத் திறந்தது என்பது போகப் போகத் தெரியும்.

அந்தக் காலத்தை முதலில் நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். இணையம் வந்துவிட்டது. மின்னஞ்சல் அனுப்ப எல்லோருக்கும் ஆசை. ஆனால் அதற்கு ஒரு முழுக் கணினி வேண்டும். அமெரிக்காவிலேயே அது பல நூறு டாலர். வாங்கினாலும் போதாது. விண்டோஸ் போடணும், மோடம் சரிசெய்யணும், வைரஸ் வந்தால் யாரையாவது கூப்பிடணும். வயதானவர்கள் பக்கத்திலேயே போகவில்லை. இதைப் படிக்கும் இளைஞர்கள் சிரிக்காதீர்கள். நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கு முதல் கணினி வந்தபோது அதன் மேல் துணி போர்த்தி, அறையைப் பூட்டி, சாவியைத் தலைமையாசிரியர் சட்டைப் பையில் வைத்திருந்தார். கெட்டுப்போய்விடுமாம். அமெரிக்கத் தாத்தா பாட்டிகளும் அப்படித்தான் பயந்தார்கள்.

ஆகவே, 'கணினி வேண்டாம், இணையம் மட்டும் போதும்' என்பவர்களுக்காக ஒரு எளிய சாதனம் செய்தால் என்ன என்று பலருக்கும் தோன்றியது. ஆரக்கிள் கம்பெனியின் லாரி எலிசன் 1995 வாக்கிலேயே 500 டாலர் வலைக்கணினி வரப்போகிறது என்று மேடைதோறும் பேசினார். 1996-இல் டிவியோடு இணைக்கும் 'வெப் டிவி' பெட்டி வந்தது. அடுத்த வருடமே மைக்ரோசாஃப்ட் அந்தக் கம்பெனியைச் சுமார் 425 மில்லியன் டாலருக்கு வாங்கியது. ஆக, நெட்ப்ளையன்ஸ் ஏதோ பைத்தியக்கார எண்ணத்தில் இறங்கவில்லை. நோக்கம் நல்ல நோக்கம்தான். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

பெட்டி எப்படி இருந்தது? சமையலறை மேடையில் வைக்கிற அளவு. 10 அங்குலத் தட்டைத் திரை. ஒரு விசைப்பலகை. சுவரில் உள்ள தொலைபேசி இணைப்பில் செருகினால் போதும். கடிதம், செய்தி, வானிலை என்று பொத்தான் பொத்தானாக இருக்கும். விசைப்பலகையில் பீட்சா வாங்குவதற்கென்றே ஒரு தனி விசை வைத்திருந்தார்கள்! அதை அழுத்தினால் ஒரு பீட்சா கம்பெனியின் பக்கம் திறக்கும். இந்தத் தகவலைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், இன்று நம் கைபேசியில் இருக்கும் செயலிகளில் பாதி அந்தப் பீட்சா விசைதானே.

விலை முதலில் 199 டாலர். பிறகு 99 டாலராகக் குறைத்தார்கள். அன்றைய கணக்கில் ஒரு டாலர் நாற்பத்து மூன்று நாற்பத்து நான்கு ரூபாய். ஆகச் சுமார் 4,300 ரூபாய். இந்த விலைக்கு அந்தக் காலத்தில் தட்டைத் திரை மட்டும்கூடக் கிடைக்காது. பெட்டியைச் செய்யவே கம்பெனிக்கு 300 டாலருக்கு மேல் ஆகியிருக்கும் என்பது அன்றைய மதிப்பீடு. பிறகு எப்படி 99-க்கு விற்றார்கள்?

மாதச் சந்தாவை நம்பித்தான். மாதம் 21.95 டாலர்.

இது நமக்குத் தெரிந்த வியாபாரம்தான். பிரிண்டரை மலிவாகக் கொடுத்துவிட்டு மையில் பிடுங்குவது. ரேசரைக் குறைந்த விலைக்குத் தந்து பிளேடில் எடுப்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெட்டிக்கு 200 டாலர் நஷ்டம் என்று வைத்துக்கொள்வோம். சந்தாவில் தொலைபேசி வழிச் செலவு, ஆள் சம்பளம் எல்லாம் போக மாதம் 10 டாலர் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால், போட்ட பணம் திரும்பவே 20 மாதம். அதற்குப் பிறகுதான் லாபம். இது என் கற்பனைக் கணக்கு. ஆனால் அடிப்படை இதுதான். வாங்கியவர் இரண்டு வருடமாவது சந்தா கட்டவில்லை என்றால் கம்பெனி கையைச் சுட்டுக்கொள்ளும்.

இங்கேதான் ஒரு பெரிய ஓட்டை. பெட்டியை வாங்கும்போது 'நான் இத்தனை மாதம் சந்தா கட்டுவேன்' என்று யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை. கடைக்குப் போய் 99 டாலரை நீட்டினால் பெட்டி உங்களுடையது. வீட்டுக்கு வந்து இணைப்பு எடுப்பதும் எடுக்காததும் உங்கள் இஷ்டம். கம்பெனி என்ன நினைத்தது? இந்தப் பெட்டியால் வேறு எதுவும் செய்ய முடியாது, ஆகவே வாங்கியவன் எங்கே போவான், நம்மிடம்தான் வந்தாக வேண்டும் என்று நினைத்தது. ஒப்பந்தம் போட்டுக் கட்ட வேண்டியதை, பெட்டியின் மூடியை நம்பி விட்டுவிட்டார்கள்.

இப்போது லாஸ் வேகாஸ் போவோம். அங்கே கென் செக்லர் என்று ஒரு பொறியாளர். சூதாட்ட விடுதிகளில் காசு போட்டு இழுக்கிற இயந்திரங்கள் இருக்குமே, அவற்றின் மின்னணுப் பகுதியை வடிவமைப்பவர். அவர் ஒரு ஐ-ஓப்பனர் வாங்கித் திறந்து பார்த்தார்.

உள்ளே இருந்தது ஒரு முழுக் கணினி.

அதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். அறிவியல் பாடம் எடுத்த பழக்கம், விடாது. மூளையாக இருந்தது வின்சிப் என்ற செயலி. இண்டெலின் பென்டியம் செய்கிற வேலையைக் குறைந்த விலையில் செய்வது. அதை வடிவமைத்த குழுவும் அதே ஆஸ்டின் நகரத்துக் குழுதான் என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம். நினைவகம் 32 மெகாபைட். கழற்றி மாட்டும் வகையில் இருந்ததால் பெரிதாக்கவும் வழி உண்டு. சாதாரணக் கணினியில் வன்தட்டு இருக்கும் இடத்தில் இதில் 16 மெகாபைட் ஃபிளாஷ் சில்லு. அதற்குள் கியூஎன்எக்ஸ் என்ற சிறிய இயங்குதளம். அச்சுப்பொறி செருகும் இடமும், யுஎஸ்பி செருகும் இடமும்கூட இருந்தன. அதாவது கணினியிலிருந்து வன்தட்டையும் சிடி தட்டையும் நீக்கிவிட்டு, மிச்சத்தைப் பூட்டி, 'இது கணினி இல்லை' என்று விற்றிருக்கிறார்கள்.

செக்லரின் கண்ணில் பட்டது இன்னொன்று. தாய்ப்பலகையில் 44 ஊசிகள் கொண்ட ஒரு இணைப்பு இருந்தது. மடிக்கணினியின் வன்தட்டை மாட்டுவதற்கான இணைப்பு அது. தொழிற்சாலையில் சோதனை பார்க்க வைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். சரி, ஒரு கேபிளைப் போட்டு வன்தட்டை மாட்டிவிட வேண்டியதுதானே? மாட்டினால் வேலை செய்யாது. ஏனென்றால் அந்த ஊசிகள் வழக்கமான வரிசையில் இல்லை. கண்ணாடியில் முகம் பார்க்கும்போது இடக்கை வலக்கையாகத் தெரியுமே, அந்த மாதிரி வரிசை மாறிக் கிடந்தது. கடையில் கிடைக்கும் கேபிளைச் செருகினால் ஒவ்வொரு கம்பியும் தப்பான இடத்தில் போய் உட்காரும்.

நீங்களோ நானோ அங்கேயே மூடியை மூடியிருப்போம். செக்லர் கேபிளில் உள்ள கம்பிகளை அதற்கேற்ப இடம் மாற்றி ஒரு கேபிள் செய்தார். அவ்வளவுதான். கண்ணாடிப் பிம்பத்துக்கு எதிரே இன்னொரு கண்ணாடி வைத்தால் சரியான உருவம் வந்துவிடுகிறது அல்லவா? வன்தட்டு உயிர் பெற்றது. பெட்டியில் தட்டு செருக வழியில்லை என்பதால், இயங்குதளத்தை முதலில் வேறொரு மடிக்கணினியில் வைத்து வன்தட்டில் ஏற்றி, பிறகு அதைக் கழற்றி இதில் மாட்டலாம். லினக்ஸ் ஓடியது. விண்டோஸும் ஓடியது. 99 டாலரும் ஒரு பழைய வன்தட்டும் சேர்ந்து ஒரு தட்டைத் திரைக் கணினி.

2000 மார்ச்சில் அவர் இதை இணையத்தில் எல்லோரும் படிக்கும்படி எழுதிவிட்டார். கேபிளைச் செய்து விற்கவும் செய்தார். சில நாட்களில் நாடு முழுக்கப் பரவியது. அதுவரை இந்தப் பெட்டியைத் திரும்பியும் பார்க்காத இளைஞர்கள் வாங்கக் கிளம்பினார்கள். எந்தத் தாத்தாவுக்காகச் செய்தார்களோ அந்தத் தாத்தா வரவில்லை. திருப்புளி வைத்திருந்த பேரன் வந்தான்.

வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. வன்தட்டை எங்கே வைப்பது? உள்ளே இடமில்லை. பெட்டியின் முதுகில் ஒட்டினார்கள். வெப்பம் ஏறியது. சின்ன விசிறி வைத்தார்கள். நினைவகத்தைப் பெரிதாக்கினார்கள். தொலைபேசி மோடம் மெதுவாக இருக்கிறது என்று யுஎஸ்பி வழியாக நெட்வொர்க் கார்டு மாட்டினார்கள். ஒருவர் சமையலறையில் பாட்டுப் பெட்டி ஆக்கினார், இன்னொருவர் குடும்பப் படங்கள் மாறி மாறி வரும் சட்டகம் ஆக்கினார். ஒருவர் கண்டதை மற்றவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி. நான் ஆசிரியர் பயிற்சி படித்த நாளில் 'குறைந்த செலவில் கற்பித்தல் துணைக்கருவி செய்தல்' என்று ஒரு பகுதி உண்டு. தீப்பெட்டி, சைக்கிள் டியூப், பியூஸ் போன பல்பு எல்லாவற்றையும் வைத்து ஏதாவது செய்து காட்ட வேண்டும். ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கு மட்டும்தான் பயன்படும் என்று நினைக்கிறவன் அந்தப் பாடத்தில் தேற மாட்டான்.

கம்பெனியின் நிலைமையைப் பாருங்கள். அந்த மார்ச் மாதம் அதற்கு மிக முக்கியமான மாதம். பங்குச்சந்தையில் முதன்முதலாகக் கால் வைத்தது அப்போதுதான். ஒரு பங்கு 18 டாலர். அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீடு 5,000-ஐத் தாண்டி உச்சம் தொட்ட நாள் மார்ச் 10. அதற்குப் பிறகு சரிவுதான். ஒரு பக்கம் சந்தை சரியத் தொடங்குகிறது, இன்னொரு பக்கம் ஒவ்வொரு பெட்டியையும் நஷ்டத்துக்கு வாங்கிப்போகிற கூட்டம் வாசலில் நிற்கிறது. வியாபாரத்தில் வாடிக்கையாளர் வந்து குவிவதே ஆபத்தாக முடிந்த கதை வேறு எங்காவது உண்டா தெரியவில்லை.

அவர்கள் இரண்டு காரியம் செய்தார்கள். முதலாவது, விற்பனை நிபந்தனையை மாற்றினார்கள். பெட்டி வேண்டுமென்றால் சந்தாவுக்கும் சேர்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். இது நியாயம். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. யாரும் இதில் குறை சொல்ல முடியாது, புதிதாக வாங்குபவரிடம் சொல்லிவிட்டுச் செய்கிற வரை.

இரண்டாவது காரியம்தான் சுவாரசியம். பெட்டியையே மாற்றினார்கள். அந்த 44 ஊசிகளை வெட்டிவிட்டார்கள். கணினி கண் விழிக்கும்போது முதலில் படிக்கிற பயாஸ் என்ற சில்லு ஒன்று உண்டு. அதில் உள்ள நிரலை மாற்றி, வெளி வன்தட்டிலிருந்து தொடங்க முடியாதபடி செய்தார்கள். அந்தச் சில்லைக் கழற்றி வேறு மாட்டிவிடக் கூடாது என்று அதன் மேல் எபாக்சி பசையை ஊற்றினார்கள். நம்ம ஊரில் குழாய் ஒழுகினால் இரண்டு டியூபைக் குழைத்துப் பூசுவோமே, அந்த வகைப் பசை. இறுகிவிட்டால் கல்.

படித்தபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. தான் விற்கும் பொருளை மேம்படுத்துவதற்கு ஒரு கம்பெனி பொறியாளரை வைக்கும். இங்கே பொறியாளர் உட்கார்ந்து, பொருளின் திறனை எப்படிக் குறைக்கலாம் என்று யோசித்திருக்கிறார். ஊசியை வெட்டுவதற்கும் பசை ஊற்றுவதற்கும் கூலி வேறு.

பலன்? வெட்டிய இடத்தில் புதிய ஊசிகளைப் பற்றவைத்தார்கள். பசையைச் சூடாக்கிச் சுரண்டி எடுத்தார்கள். பயாஸ் நிரலைத் திரும்ப மாற்றி எழுதினார்கள். ஒவ்வொரு பூட்டுக்கும் சில நாட்களில் ஒரு சாவி வந்தது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பூட்டு ஏறியதும் கூட்டம் குறைந்தது. கேபிள் மாட்டத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் என்றால், பற்றவைக்கத் தெரிந்தவர்கள் அதில் ஒரு பங்குதான். கம்பெனியின் நோக்கமும் எல்லோரையும் தடுப்பதல்ல, பெரும்பாலோரைச் சலிக்க வைப்பது.

இப்போது வழக்குக்கு வருவோம். திறந்தவர்கள் செய்தது சரியா?

இதைப் பற்றி அப்போதே பெரிய சண்டை நடந்தது. ஒரு கட்சி சொன்னது: கம்பெனி நஷ்டத்தில் விற்கிறது என்று தெரிந்தே வாங்கி, சந்தா கட்டாமல் ஏமாற்றுவது நாணயமான செயல் அல்ல. பந்தியில் உட்கார்ந்து இலையை மட்டும் உருவிக்கொண்டு ஓடுவது போல. இந்த வாதத்தில் கொஞ்சம் சாரம் இருக்கிறது. இந்தப் பெட்டி அழிந்தால் உண்மையிலேயே அதை வேண்டியிருந்த முதியவருக்குத்தானே இழப்பு?

மறு கட்சி சொன்னது: விலை நிர்ணயித்தது நீ. பணம் வாங்கியதும் நீ. நான் ஒப்பந்தத்தை மீறவில்லை, ஏனென்றால் ஒப்பந்தமே இல்லை. உன் வியாபாரக் கணக்கு பலிக்க வேண்டும் என்பது என் கடமையா? கடைக்காரர் தீபாவளிக்கு அசல் விலைக்கும் கீழே சட்டை விற்கிறார், பேன்ட்டும் சேர்த்து வாங்குவேன் என்று நம்பி. நான் சட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தால் நான் திருடனா?

என் தீர்ப்பு இரண்டாவது கட்சிக்குத்தான். நஷ்ட விலைக்கு விற்பது ஒரு பந்தயம். பந்தயத்தில் தோற்றவர், எதிரில் இருப்பவர் ஆடிய ஆட்டத்தைத் திருட்டு என்று சொல்லக் கூடாது. இத்தனைக்கும் அந்த இளைஞர்கள் கம்பெனியின் இணைய சேவையைக் காசு கொடுக்காமல் பயன்படுத்தவில்லை. அவர்கள் தொட்டது காசு கொடுத்து வாங்கிய பிளாஸ்டிக்கையும் சில்லுகளையும்தான்.

இந்த உரிமைச் சண்டை கணினிக்கு முந்தியது. வரலாற்று வாத்தியார்கள் இதையெல்லாம் சொல்லித் தருவதில்லை. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனம் பல பத்தாண்டுகள் தனியாட்சி நடத்தியது. வீட்டில் இருக்கும் தொலைபேசியே நிறுவனத்தின் சொத்து. அதன் மேல் வேறு எதையும் மாட்டக் கூடாது. 'ஹஷ்-ஏ-ஃபோன்' என்று ஒரு சின்னக் கிண்ணம் விற்றார்கள். பேசும் வாய்ப்பகுதியில் மாட்டிக்கொண்டால் பக்கத்தில் இருப்பவருக்கு நீங்கள் பேசுவது கேட்காது. மின்சாரம் கிடையாது, கம்பி கிடையாது, வெறும் கிண்ணம். அதற்குக்கூட நிறுவனம் தடை கேட்டது! 1956-இல் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் கிண்ணத்துக்கு விடுதலை. பிறகு டெக்சாஸ்காரரான டாம் கார்ட்டர், எண்ணெய் வயல்களில் வேலை செய்பவர்களின் வானொலிக் கருவியைத் தொலைபேசியோடு இணைக்க ஒரு கருவி செய்தார். கார்ட்டர்ஃபோன். 1968-இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம், வலையமைப்புக்குத் தீங்கில்லாத எந்தக் கருவியையும் இணைக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. பதிலளிக்கும் இயந்திரம், தொலைநகல், மோடம் எல்லாம் வீட்டுக்கு வீடு வந்தது அந்தக் கதவு திறந்ததால்தான். ஐ-ஓப்பனரின் உள்ளே இருந்த மோடமும் அந்த 1968-க்குக் கடன்பட்டதுதான். தொலைபேசிக்காரர் போட்ட பூட்டு உடைந்ததால் பிறந்த ஒரு கம்பெனி, தன் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தது.

அதே 2000-இல் இன்னொரு கூத்தும் நடந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. பூனை வடிவத்தில் பார்கோடு படிக்கும் ஒரு கருவி, பெயர் 'கியூகேட்'. டிஜிட்டல் கன்வர்ஜன்ஸ் என்ற கம்பெனி ரேடியோ ஷாக் கடைகளில் இலவசமாகவே கொடுத்தது. சில பத்திரிகைகளின் சந்தாதாரர்களுக்குத் தபாலிலும் அனுப்பியது. ஒவ்வொரு பூனைக்கும் தனி எண். யார் எதைப் படிக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வசதி. இளைஞர்கள் பூனையைத் திறந்து அந்த எண்ணை ஊமையாக்கி, தங்கள் வீட்டுப் புத்தகங்களைப் பட்டியல் போட வைத்துக்கொண்டார்கள். உடனே கம்பெனி வக்கீல் கடிதம் அனுப்பியது. பூனை உங்களுக்குச் சொந்தமில்லை, இரவல்தான் என்று வாதம். கேட்காமலே வீட்டுக்கு அனுப்பிவிட்டு இரவல் என்கிறார்கள்!

நெட்ப்ளையன்ஸ் கதை எப்படி முடிந்தது? ஐ-ஓப்பனரைத் திறந்த இளைஞர்களால்தான் கம்பெனி கவிழ்ந்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. திறந்தவர்கள் விளிம்பில் இருந்தவர்கள். கம்பெனி தேடிய தாத்தா பாட்டிகள் போதிய அளவு வரவில்லை என்பதே உண்மையான நோய். முழுக் கணினியின் விலை வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. வந்தவர்களுக்கும் மனக்குறை. 2001-இல் அமெரிக்க அரசின் வணிக ஆணையம், விளம்பரத்திலும் கட்டணம் வசூலித்த முறையிலும் வாடிக்கையாளரைத் தவறாக நடத்தியதாக நெட்ப்ளையன்ஸ் மேல் குற்றம் சாட்டியது. 100,000 டாலர் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டார்கள். ஊசியை வெட்டிய அக்கறையை வாடிக்கையாளரிடம் காட்டியிருக்கலாம்.

இதற்குள் பெட்டி வியாபாரத்தையே கைவிட்டிருந்தார்கள். அவர்கள் மட்டுமல்ல. 3காம் என்ற பெரிய நிறுவனம், நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் நினைவாக 'ஆட்ரி' என்று பெயர் வைத்து 2000 அக்டோபரில் இதே மாதிரி ஒரு சமையலறைச் சாதனத்தை 499 டாலருக்குக் கொண்டுவந்தது. 2001 மார்ச்சில் நிறுத்திவிட்டது. ஆறு மாதம்கூட ஓடவில்லை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாய்க் கம்பெனி கைவிட்டால் இப்படிப்பட்ட சாதனம் வெறும் பிளாஸ்டிக். இணைய வேண்டிய மறுமுனையில் ஆள் இல்லை. ஆனால் அதே திருப்புளிக் கூட்டம் ஆட்ரியையும் திறந்து, வேறு வழியில் இணையத்தோடு சேர்த்து, பல வருடங்கள் ஓட வைத்தது. பூட்டி வைத்த பெட்டி கம்பெனியோடு செத்தது. திறந்த பெட்டி பிழைத்தது.

இனி வருவதுதான் எனக்கு நம்பவே முடியாமல் இருந்த பகுதி. இரண்டு மூன்று இடத்தில் சரிபார்த்த பிறகுதான் எழுதுகிறேன். நெட்ப்ளையன்ஸ் அழியவில்லை. 2001-இல் 'டிப்பிங் பாயிண்ட்' என்று பெயர் மாற்றிக்கொண்டு, கணினி வலையமைப்புகளுக்குள் அத்துமீறி நுழைபவர்களைத் தடுக்கும் கருவிகள் செய்யத் தொடங்கியது. பட்ட பாடு கொஞ்சமா! அந்தத் தொழிலில் நன்றாக முன்னேறியது. 2005-இல் அதைச் சுமார் 430 மில்லியன் டாலருக்கு ஒரு நிறுவனம் வாங்கியது. எந்த நிறுவனம்? ஆட்ரியைச் செய்து கைவிட்ட அதே 3காம்.

அதே 2005-இல் டிப்பிங் பாயிண்ட் ஒரு திட்டம் தொடங்கியது. மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிப்பவர்கள் அதை ரகசியமாக எங்களிடம் சொல்லுங்கள், பணம் தருகிறோம் என்ற திட்டம். 2007-இல் கனடாவின் வான்கூவர் நகரில் நடந்த ஒரு பாதுகாப்பு மாநாட்டில் ஒரு போட்டி வைத்தார்கள். மேசை மேல் ஆப்பிள் மடிக்கணினி. அதற்குள் நுழைந்து காட்டுபவருக்கு அந்தக் கணினியே பரிசு. டிப்பிங் பாயிண்ட் தன் பங்குக்கு 10,000 டாலர் அறிவித்தது. ஒருவர் ஒரே இரவில் ஓட்டையைக் கண்டுபிடித்து வென்றார். அந்தப் போட்டியின் பெயர் 'போன் டு ஓன்'. நம்ம மொழியில் சொன்னால், உடைத்தால் உனக்கே சொந்தம். இன்றும் நடக்கிறது. ஏழு வருடம் முன்பு பெட்டியைத் திறந்துவிடக் கூடாது என்று பசை ஊற்றிய கம்பெனி, திறப்பவனுக்குப் பரிசு கொடுக்கும் கம்பெனியாகிவிட்டது.

இந்தப் பதிவை எழுதக் காரணம் ஆஸ்டினில் வேலை பார்க்கும் என் மாணவர் ஒருவர். எட்டாம் வகுப்பில் பள்ளி மணியைக் கழற்றிப் பார்த்து என்னிடம் அடி வாங்கியவர், இப்போது பேரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். பழைய பொருள் விற்கும் இடத்தில் ஒரு ஐ-ஓப்பனர் கிடைத்தது என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். மூடி கழற்றிய படம். சில்லு மேல் பசை அப்படியே இருக்கிறது, பழுப்பேறி, ஓரத்தில் மட்டும் யாரோ சுரண்டிப் பார்த்த தடம். பாதியில் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. "மீதியை நான் எடுத்துப் பார்க்கட்டுமா சார்?" என்று கேட்டிருந்தார். எடுங்கள் தம்பி, ரொம்பச் சூடு காட்டாதீர்கள் என்று பதில் போட்டேன்.

கார்ட்டர்ஃபோன் வழக்கைப் பற்றி அடுத்த ஞாயிறு தனியாக எழுதுகிறேன். வீட்டில் பழைய ரேடியோ, டேப் ரிக்கார்டர் என்று எதையாவது திறந்து வேறொன்றாக மாற்றிய அனுபவம் உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். படம் இருந்தால் போடுங்கள்.